மேற்குப் பக்கம் கேட்ட கட்டடம்

போன வாரம் கீர்த்தனா போன் செய்தாள். அன்னூருக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இப்போது அவள்தான் உடற்கல்வி ஆசிரியை.

"டீச்சர், மைதானத்துக்கு மேக்கால இருந்த பழைய கட்டடத்த இடிச்சுட்டாங்கங்க. புதுசு கட்டப் போறாங்களாமா. எந்தப் பக்கம் வேணும்னு ஹெச்.எம். என்னையக் கேக்கறாங்க. அப்ப நீங்கதான் சண்ட போட்டு மேக்கால வாங்குனீங்களாமுங்க. நானும் அங்கயே கேட்டுப்போடட்டுங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கட்டடத்தின் கதை ஒரு வார்த்தையில் அடங்காது. அதற்குப் பணம் கொடுத்தது அரசாங்கம். இடம் காட்டியது என்னுடைய வயிற்றெரிச்சல்.

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. மூடி மறைத்து என்ன ஆகப் போகிறது? பரீட்சை நெருங்கினால் என் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். வாங்கிக்கொள்வார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. நான் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வகுப்பு வாசலுக்குப் போனால், உள்ளே கரும்பலகையில் முக்கோணம் போட்டுக்கொண்டிருப்பார். பிள்ளைகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்கும். ஆசிரியர் தினத்தன்று அதே பிள்ளைகள் ரோஜாப்பூவை அவரிடம்தான் கொண்டுபோய் நீட்டும். அப்போதெல்லாம் எனக்கு எரியும். ஆனால் இதெல்லாம் சில்லறைப் பொறாமைகள். பெரிய பொறாமை ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பெயர் ரெஜினா.

ரெஜினாவும் நானும் உடற்கல்விக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம். விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நூறு மீட்டரில் எப்போதும் அவள் ஒரு மூக்கு அளவுக்கு முன்னால் போய்க் கயிற்றைத் தொடுவாள். படித்து முடித்ததும் அவளுக்குத் துடியலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேலை கிடைத்தது. எனக்கு உயர்நிலைப் பள்ளி. வெளியாட்களுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. என்னைக் கேட்டால் விடிய விடியச் சொல்வேன். உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்போடு பிள்ளைகள் போய்விடும். ஆறாம் வகுப்பில் பேட் பிடிக்கத் தெரியாமல் வரும் பிள்ளையை ஐந்து வருடம் வெயிலில் நிறுத்திப் பழக்கினால், அது நன்றாக ஆட ஆரம்பிக்கும் வயதில் டி.சி. வாங்கிக்கொண்டு ரெஜினாவிடம் போகும். பிறகு பேப்பரில் படம் வரும். பனியனில் துடியலூர்ப் பள்ளியின் பெயர் இருக்கும். பக்கத்தில் சிரித்துக்கொண்டு ரெஜினா நிற்பாள்.

எங்கள் ஆட்டம் பூப்பந்து. இறகுப் பந்து வேறு, இது வேறு. இது எலுமிச்சம்பழ அளவில் மஞ்சள் கம்பளி நூலில் செய்த பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர். பந்தில் கனமே இருக்காது. காற்று வீசினால் அடித்தவள் நினைத்த இடம் ஒன்று, பந்து போய் விழும் இடம் வேறொன்று.

எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வைகாசிக் கடைசியில் வந்தால் ஆவணி வரை விடாது. காலை அசெம்பிளியில் நான் "அட்டென்ஷன்" சொன்னால் முன்வரிசைக்குத்தான் கேட்கும். சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டால் பாதி கிழக்கே இருக்கும் வீடுகளின் துணிக்கொடிக்குப் போய்விடும். அதனால் தண்ணீரில் கரைத்து, மூக்குக் கெண்டியில் ஊற்றி, குனிந்தபடியே பின்னால் நடந்து கோடு போடுவோம். அந்தக் காற்றில்தான் என் பிள்ளைகள் ஆடினார்கள். காற்று முதுகில் பட்டால் வலைக்கு மேலே ஒரு சாண் தாண்டாமல் தட்ட வேண்டும். எதிர்க்காற்று என்றால் தைரியமாக ஓங்கி அடிக்கலாம். பந்து வருகிறதே என்று ஓடக் கூடாது. அது திரும்புகிற வரை நின்று பார்க்க வேண்டும்.

குறுமையப் போட்டி ஆடி மாதத்தில் நடக்கும். சுற்று வட்டாரப் பள்ளிகள் எல்லாம் மோதும் முதல் கட்டம் அது. அதில் ஜெயித்தால்தான் ஜில்லாவுக்குப் போக முடியும். வருடா வருடம் போட்டி ரெஜினாவின் பள்ளியில்தான் நடக்கும். அங்கேதான் கோர்ட் தயாராக இருந்தது. அந்த மைதானத்தின் மேற்கே மூன்று மாடிக் கட்டடம். ஆடி மாதத்திலும் உள்ளே ஒரு இலை அசையாது. அவளுடைய பிள்ளைகள் பந்தை வானத்துக்குத் தூக்குவார்கள். அது நேராக இறங்கிப் பின்கோட்டில் உட்காரும். என் பிள்ளைகள் பந்து திரும்பும் என்று காத்து நிற்பார்கள். திரும்பாது. தோற்போம்.

"நல்லாத்தான் ஆடுனாங்க தங்கமணி டீச்சர்," என்பாள் ரெஜினா, பிள்ளைகள் முன்னால். அந்த 'தான்' என் நெஞ்சில் குத்தும்.

தோற்றுத் திரும்பும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக அந்தக் கட்டடத்தைப் பார்ப்பேன். அடுத்தவள் நகையைப் பார்த்து ஏங்குகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். நான் அடுத்தவள் கட்டடத்தைப் பார்த்து ஏங்கினேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் பள்ளிக்கு வகுப்பறைக் கட்டடம் ஒன்று அனுமதியானது. கிழக்கே ஆபீசை ஒட்டிக் கட்டுவதாகப் பேச்சு. நான் நேராகத் தலைமையாசிரியை சரஸ்வதி மேடத்திடம் போனேன்.

மேடத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் எந்த விஷயத்தையும் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்ய மாட்டார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது வந்தால், "அங்க போயிப் பேசிக்கலாமுங்க," என்று குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். குழாயடிக்குப் போய் நின்ற பிறகுதான் அடுத்த வார்த்தை. இரண்டு பிள்ளைகள் மாடிப்படியில் சண்டை போட்டால், விசாரணையும் அதே படியில். வந்தவர்களில் பாதிப் பேர் வெயிலுக்குப் பயந்தே புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு போனதுண்டு. யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். குடை நுனியால் தரையில் ஒரு கோடு கிழிப்பார். அந்தக் கோட்டோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

என்னையும் மைதானத்துக்கு நடத்திக்கொண்டு போனார். பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க கட்டுனா காத்து நிக்குமுங்களா?"

"நிக்குமுங்க மேடம். அவங்க பள்ளிக்கூடத்துல நிக்குதுங்களே."

"அப்பறம் ஜெயிச்சுப்போடுவீங்களா?"

"போட்டி அங்கதானுங்களே மேடம் நடக்குது. அந்த மாதிரி எடத்துலயே பழகுனாத்தானுங்க அங்க போயி ஆட முடியும்."

என் கணக்கில் ஒரு ஓட்டையும் இல்லை. இன்றைக்கு யோசித்தாலும் அது சரியான கணக்காகத்தான் தெரிகிறது.

மேடம் பின்வரிசையில் நின்ற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார். சுகன்யா, எட்டாம் வகுப்பு. என் கையில் வந்த பிள்ளைகளில் அவளைப் போல இன்னொருத்தி இல்லை. அவள் பந்தைத் துரத்த மாட்டாள். பந்து அவளிடம் வந்து சேரும்.

"ஏங்கண்ணு, காத்து உனக்குத் தொந்தரவா இருக்குதா?"

"இல்லீங்க மேடம். காத்து இருந்தாத்தான் பந்து எங்க போகும்னு தெரியுமுங்க."

"அவ சின்னப் புள்ளைங்க மேடம்," என்று நான் குறுக்கே புகுந்தேன்.

மேடம் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேற்கே நடந்துபோய்க் குடை நுனியால் நீளமாக ஒரு கோடு கிழித்தார். "நீங்க கேக்கறீங்கன்னுதான் போடறனுங்க. நாளைக்குக் காத்து வேணும்னு எங்கிட்ட வரப்படாது."

கட்டடம் எழும்பியது. அடுத்த ஆடியில் எங்கள் கோர்ட்டில் மஞ்சள் பந்து நேராக ஏறி நேராக இறங்கியதைப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரெஜினாவின் பிள்ளைகள் எப்படித் தூக்குவார்களோ அப்படியே தூக்கப் பழக்கினேன். அந்த வருடப் போட்டிக்குள் அது கைக்கு வரவில்லை; அடுத்த ஆடிக்குத்தான் தயாரானோம். தாழ்வாகத் தட்டினால் வையவே செய்தேன். "தூக்கு, தூக்கு" என்ற என் குரல் ஆபீஸ் வரைக்கும் கேட்கும் என்பார்கள். சுகன்யாவும் தூக்கக் கற்றுக்கொண்டாள். அவளுக்கு எதைக் கொடுத்தாலும் கற்றுக்கொள்வாள்.

அவள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது அவளுடைய அம்மா பழனியம்மாள் பள்ளிக்கு வந்தார். விசைத்தறிக் கூடத்தில் வேலை. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"டீச்சர், இவ ஆடறது ஆடட்டுங்க. இந்த வருசம் ஜில்லாவுக்குப் போனாள்னா மேல படிக்க வெக்கறனுங்க. இல்லீன்னா திருப்பூர்ல எந்தங்கச்சி ஊட்டுக்கு அனுப்பிப்போடுவேன். பனியன் கம்பெனிக்குப் போயிக்கட்டும். ரெண்டுல ஒண்ணுங்க. எனக்கு இழுத்துட்டுக் கெடக்க முடியாதுங்க."

ஜில்லா நிச்சயம் என்று சொல்லி அனுப்பினேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

அந்த வருடம் ரெஜினாவின் பள்ளி மைதானத்தில் ஏதோ கட்டுமான வேலை. போட்டியைக் காரமடை போகிற வழியில் ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் சேலைத் தலைப்பு பறந்து முகத்தில் அடித்தது. திறந்த வெளி. மேற்கே மலை வரைக்கும் மறைப்பாக ஒன்றும் இல்லை.

டாஸில் நாங்கள்தான் ஜெயித்தோம். காற்று முதுகில் படுகிற பக்கத்தைக் கேட்டேன். என் பிள்ளைகள் பழகினபடி தூக்கினார்கள். பந்து பின்கோட்டைத் தாண்டி, வேடிக்கை பார்க்கிறவர்களையும் தாண்டிப் போனது. பிறகுதான் வலைக்கு அந்தப் பக்கம் நடந்ததைக் கவனித்தேன். ரெஜினாவின் பிள்ளைகள் தூக்கவே இல்லை. காற்று முதுகில் பட்டபோது வலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தட்டினார்கள். எதிர்க்காற்றில் ஓங்கி அடித்தார்கள். பந்து திரும்புகிற வரை நின்றார்கள். அது என் பிள்ளைகளின் ஆட்டம். நான் வைது வைது மறக்கடித்த ஆட்டம்.

ஆளுக்கொரு செட் ஆனது. எங்களுக்கு வந்த செட் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. மூன்றாவதில் பின்தங்கியிருந்தோம். நான் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, வேறெதுவும் தோன்றாமல், "தூக்கு, தூக்கு" என்று கத்திக்கொண்டிருந்தேன். சுகன்யா சர்வீஸ் போடப் போனவள் நின்றாள். என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், சித்த சும்மா இருங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். என் வேலைக் காலத்தில் என்னிடம் அப்படிச் சொன்ன பிள்ளை அவள் ஒருத்திதான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு அவள் ஆடியது எட்டாம் வகுப்பில் ஆடிய ஆட்டம். தாழ்வாகத் தட்டினாள். நின்றாள். காற்று கொண்டுவந்து கொடுத்த பந்தையெல்லாம் எடுத்தாள். புள்ளிகள் ஏறின. ஆனால் கூட ஆடிய நான்கு பேரும் சின்னவர்கள். கட்டடம் வந்த பிறகு பேட் பிடித்தவர்கள். அவர்களுக்குக் காற்றே தெரியாது. கிட்டத்தில் வந்து தோற்றோம்.

ரெஜினா கை கொடுக்க வந்தாள். பிள்ளைகள் தள்ளி இருந்ததால் பழைய விடுதிப் பேச்சில் கேட்டாள். "தங்கம், அந்தப் புள்ள பத்தாவதுக்கு மேல எங்க படிக்கப் போகுது?"

"எங்கியோ படிக்கும். உனக்கு எதுக்கு?" என்றேன்.

ஜெயித்ததும் போதாதென்று இருப்பதையும் கேட்கிறாளே என்று அப்படியே எரிந்தது. அவளிடம் போவதைவிட வேறு எங்கு போனாலும் பரவாயில்லை என்று அந்த நிமிடம் மனதாரவே நினைத்தேன். பஸ்ஸில் சுகன்யா என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். ஜில்லா இல்லை என்றால் திருப்பூர் என்பது அவளுக்குத் தெரியும்.

பரீட்சை முடிந்து பழனியம்மாள் டி.சி. கேட்டு வந்தபோது மேடம் என்னைக் கூப்பிட்டு விட்டார். ரெஜினா கேட்டதை அப்போதுதான் மேடத்திடம் சொன்னேன். அந்தப் பள்ளியில் விடுதி உண்டு, விளையாடும் பிள்ளை என்றால் சேர்த்துக்கொள்வார்கள் என்பதையும் சொன்னேன். மேடம் உடனே எழுந்து குடையை எடுத்தார்.

"அங்க போயிப் பேசிக்கலாமுங்க."

"எங்கீங்க மேடம்?"

"துடியலூருக்குத்தான்."

பழனியம்மாளை டி.சி.க்கு மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போனோம். ரெஜினா தன் மைதானத்தில், அந்த மூன்று மாடிக் கட்டடத்தின் நிழலில் நின்றிருந்தாள். மேடம் விஷயத்தைச் சொன்னார். ரெஜினா உடனே ஒத்துக்கொண்டாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"உன்ற புள்ளைகளுக்குக் காத்துல ஆட யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"உன்ற புள்ளைகதான். இங்க ஜெயிச்சு ஜெயிச்சு ஜில்லாவுக்குப் போவோம். அங்க எல்லாம் திறந்த மைதானம். மொதல் மேட்ச்லயே மண்ணக் கவ்விட்டு வருவோம். உன்ற புள்ளைக தட்டறதப் பாத்துப் பாத்து வயிறெரிஞ்சு போயிட்டேன். அப்பறம் சனிக்கெழமையானா எல்லாத்தையும் கூட்டிட்டு எங்காவது பொட்டக்காட்டுக்குப் போயிருவேன்." அவள் தலையை நிமிர்த்திக் கட்டடத்தைப் பார்த்தாள். "இதத் தூக்கி உங்க ஊர்ல போட்டுட்டு, உங்க காத்த இங்க கொண்டாந்துறலாமான்னு நெனச்சிருக்கேன் தங்கம்."

மேடம் எங்கள் இருவரையும் பார்த்தார். "அப்ப நான் எதுக்குங்க அந்தக் கட்டடத்தக் கட்டுனேன்?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருடம் நான் அவளைப் பார்த்து எரிந்த அதே நேரத்தில் அவளும் என்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள். தெரிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷமாக இருந்திருப்பேன்.

அங்கிருந்து மூன்று பேரும் பழனியம்மாளின் விசைத்தறிக் கூடத்துக்குப் போனோம். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று அவர் வெளியே வந்தார். ரெஜினா விடுதியைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி, பிளஸ் டூவைப் பற்றியெல்லாம் விளக்கிச் சொன்னாள். பழனியம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவங்கள எனக்குத் தெரியாதுங்க டீச்சர். அஞ்சு வருசமா உங்களத்தான் தெரியும். தோத்தா திருப்பூருக்கு அனுப்பறேன்னு நாஞ் சொன்னது சொன்னதுதான். ஆனா, இவங்ககிட்ட இருந்தா புள்ள நல்லா வருவாள்னு நீங்க வாய்ல சொல்லுங்க. அனுப்பி வெக்கறனுங்க."

ரெஜினா என்னைப் பார்த்தாள். மேடம் குடை நுனியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். வாசலில் சுகன்யா நின்றிருந்தாள்.

ரெஜினாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை நான் அதுவரை வெளியே சொன்னதில்லை. எட்ட இருந்து சொல்வதே கஷ்டம். அவளையே எதிரில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். இருமி, தண்ணீர் கேட்டு, குடித்துவிட்டுச் சொன்னேன்.

"நல்லா வருவாளுங்க. இவங்க என்னையவிட நல்லாச் சொல்லிக் குடுப்பாங்க. அன்னைக்கு நீங்களே பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

"அப்பச் சேரிங்க," என்றார் பழனியம்மாள். உள்ளே போய்விட்டார். தறி ஓடிக்கொண்டிருந்தது.

என் வேலைக் காலத்தில் நான் செய்த கஷ்டமான காரியம் எது என்று கேட்டால் அந்தச் சில வார்த்தைகளைத்தான் சொல்வேன். கை முறிந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். அதுகூட இவ்வளவு கஷ்டமாக இல்லை. அதற்காக என் குணம் மாறிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். சுகன்யா மாநில அணிக்குப் போனபோது பேப்பரில் படம் வந்தது. பனியனில் துடியலூர், பக்கத்தில் ரெஜினா. பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கி இப்போது சென்னையில் இருக்கிறாள். ஆசிரியர் தினத்தன்று தவறாமல் போன் செய்வாள். முதலில் எனக்குச் செய்தாயா, அவளுக்கா என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டதில்லை.

கீர்த்தனாவுக்குப் பதில் சொல்ல நேற்று நேரிலேயே போனேன். மேடம் கற்றுக்கொடுத்த பழக்கம். மேற்கே கட்டடம் இல்லை. செங்கலையெல்லாம் அள்ளிவிட்டிருந்தார்கள். இது ஆனி மாதம். காற்று நேராக வந்து என் மேல் மோதியது.

"பாருங்க டீச்சர், இதுல எப்படிங்க ஆடறது?" கீர்த்தனாவின் முகம் சுருங்கிப் போயிருந்தது. "துடியலூர்ல இப்ப உள்ளரங்கமே கட்டிட்டாங்களாமுங்க. அவங்களுக்கென்னங்க, குடுத்து வெச்சவங்க."

அவள் குரலில் என் பழைய எரிச்சல் அப்படியே இருந்தது. மேற்கைத் தொடாதே, ஆபீஸ் பக்கமே கேள் என்றேன். "நீங்கதானுங்களே அன்னைக்கு..." என்று ஆரம்பித்தாள். காரணத்தை எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பேசிக்கொண்டே கோர்ட்டைப் பார்த்தேன். பின்வரிசையில் ஒரு பிள்ளை. ஏழாம் வகுப்பு இருக்கலாம். பந்து ஏறியது. காற்றில் ஒரு நொடி அப்படியே நின்றது. மற்ற பிள்ளைகள் ஓடின. இவள் ஓடவில்லை. பந்து திரும்பி அவள் பேட்டுக்கு வந்தது. வலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தட்டினாள்.

"யாரு கண்ணு சொல்லிக் குடுத்தது?"

"யாருமில்லீங்க. அது அப்படித்தானுங்க வருது."

கீர்த்தனாவைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. வீட்டுக்கு வரும் வரைகூடப் பொறுக்கவில்லை. பஸ் ஸ்டாப்பிலேயே நின்று ரெஜினாவுக்குப் போன் செய்தேன். அவளும் ஓய்வு பெற்றுத் துடியலூரில் மகள் வீட்டில் இருக்கிறாள்.

"எங்க மைதானத்துக்குக் காத்து வந்துருச்சு," என்றேன். அந்தப் பிள்ளையைப் பற்றியும் விட்டுவிடாமல் சொன்னேன்.



"நீ குடுத்து வெச்சவ தங்கம்," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் போன் செய்தேன். கேட்டதும் நெஞ்சு குளிர்ந்தது. அத்தோடு வைத்திருக்க வேண்டும். வைப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"அந்தப் புள்ள பத்தாவதுக்கு மேல எங்க படிக்கப் போகுதாமா?"